வாஷர் யார் கணக்கு?

அண்ணாமலை நகரை ஒட்டிய தெருக்களில் வாடகைக்கு வீடு பார்க்க வருகிறவர்கள் ஃபேன் சுற்றுகிறதா என்று பார்ப்பார்கள், பாத்ரூம் கதவைச் சாத்திப் பார்ப்பார்கள், செல்போன் சிக்னல்கூடப் பார்ப்பார்கள். சமையலறைக் குழாயைத் திறந்து மூடிப் பார்ப்பவர் அபூர்வம். குடிவந்த மூன்றாம் நாள் ராத்திரி, வீடு அடங்கியதும், சிங்க்கில் கழுவாமல் கிடக்கும் எவர்சில்வர் தட்டின் மேல் ‘டொக்... டொக்’ என்று விழும்போதுதான் அது காதில் ஏறும். காலையில் ஓனருக்குப் போன்.

“சார், சமையலறைக் குழாய் ஒழுகுதுங்க.”

“நீங்க வந்தப்ப நல்லாத்தானேம்மா இருந்துச்சு?”

சிதம்பரமானாலும் கடலூர் மஞ்சக்குப்பமானாலும் பேச்சு இப்படித்தான் ஆரம்பிக்கும். இருவருமே தங்கள் பக்கம் நியாயம் இருப்பதாக உறுதியாக நம்புகிறார்கள். அந்த நம்பிக்கைகளைக் கொஞ்சம் கழற்றிப் பார்க்கலாம்.

வாடகைக்கு இருப்பவரின் நம்பிக்கை இது: “அவர் வீடு, அவர் குழாய், அவர்தான் மாத்தித் தரணும்.” கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் தமிழ்நாட்டில் வீட்டு உரிமையாளர், வாடகைதாரர் உரிமைகளையும் பொறுப்புகளையும் ஒழுங்குபடுத்தும் 2017-ஆம் ஆண்டுச் சட்டம் வேறு மாதிரி சொல்கிறது. 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் இருக்கும் அந்தச் சட்டத்தின் இரண்டாம் அட்டவணை, எந்தப் பழுது யார் தலையில் என்று பிரித்து வைத்திருக்கிறது. குழாய் வாஷர் மாற்றுவது, குழாயையே மாற்றுவது, சமையலறைப் பொருத்துகளைச் சரிசெய்வது, சாக்கடை அடைப்பு எடுப்பது, சுவிட்ச் மாற்றுவது எல்லாம் வாடகைதாரர் பக்கம். கட்டடத்தின் பெரிய பழுதுகள், வெள்ளையடிப்பு, பைப் லைன் மாற்றுவது, வயரிங் ஆகியவை ஓனர் பக்கம். சுருக்கமாகப் பார்த்தால் எல்லைக்கோடு சமையலறைச் சுவரில், குழாயின் மரை உள்ளே போகும் இடத்தில் விழுகிறது. வெளியே நீட்டிக்கொண்டிருப்பது குடியிருப்பவர் கணக்கு. சுவருக்குள் புதைந்து கிடப்பது ஓனர் கணக்கு.

இதைப் படித்ததும் ஓனர்கள் இந்தப் பக்கத்தைக் கத்தரித்து வைத்துக்கொள்ளக்கூடும். கொஞ்சம் பொறுக்கலாம். எழுத்து மூலமான ஒப்பந்தத்தில் வேறு மாதிரி ஒப்புக்கொண்டிருந்தால் அதுதான் செல்லும். பத்திரக் கடையில் அடித்து வாங்கும் பதினோரு மாத ஒப்பந்தத்தில் வாடகைத் தொகையைத் தவிர வேறு எதையும் யாரும் படிப்பதில்லை. ‘பழுதுகளை உரிமையாளர் செய்து தருவார்’ என்று அதில் ஒரு வரி கிடந்தால் வாஷரும் அவர் கணக்குத்தான்.

“ஒழுகுறதை நிறுத்துற வரைக்கும் உங்க லைனை மூடி வைக்கிறேன்” என்று சொல்லும் ஓனர்களும் உண்டு. இது செல்லவே செல்லாது. குடிநீர், மின்சாரம் போன்ற அத்தியாவசிய வசதிகளைத் துண்டிப்பதை அதே சட்டம் தடுக்கிறது. வாடகை அதிகாரியிடம் முறையிடலாம். வழக்கமான தேய்மானத்தையும் சட்டம் கணக்கில் எடுத்துக்கொள்கிறது. பத்து வருஷம் ஓடிய குழாயின் குரோம் பூச்சு மங்கிவிட்டது என்று காலி செய்யும் நாளில் அட்வான்ஸில் கை வைத்தால், அது சட்டம் பேசும் பேச்சு அல்ல, ஆசை பேசும் பேச்சு.

இதற்கு எதிர்ப்பக்கத்தில், வாடகையில் ஒரு ரூபாய்கூடக் கழிக்க முடியாது என்று பயந்துகொண்டு, சுவருக்குள் கசியும் பைப்பையும் சொந்தக் காசில் சரிசெய்து விட்டு வாய்மூடி இருக்கிற குடித்தனக்காரர்கள் இருக்கிறார்கள். வெள்ளைக்காரன் காலத்து 1882 சொத்து மாற்றுச் சட்டத்தின் 108-ஆம் பிரிவே இந்தப் பயத்துக்கு இடம் வைக்கவில்லை. ஓனர் செய்ய வேண்டிய பழுதாக இருந்து, அவருக்குத் தெரிவித்து, நியாயமான அவகாசம் கொடுத்தும் அவர் செய்யாவிட்டால், குடியிருப்பவரே செய்துகொண்டு செலவை வாடகையில் கழிக்கலாம். தெரிவித்ததற்குச் சாட்சி வேண்டும் என்பதுதான் விஷயம். ஈரம் ஊறிய சுவரின் படமும் தேதியும் வாட்ஸ்அப்பில் இருக்கட்டும். பிளம்பரிடம் கையெழுத்துப் பில்லும் வாங்கி வைக்கட்டும்.

சட்டம் இத்தனை போதும். மிச்சச் சண்டை உலோகத்தோடு.

“ஒழுகினால் இறுக்கி மூடு” என்பது வீடுதோறும் கேட்கும் உத்தரவு. பழைய வகைக் குழாய்க்குள் ஒரு ஸ்பிண்டில் திருகித் திருகி இறங்கி, அடியில் இருக்கும் ரப்பர் வாஷரைப் பித்தளை விளிம்பின் மேல் அழுத்தித் தண்ணீரை நிறுத்துகிறது. இங்கிலாந்தின் ராதர்ஹாம் ஊரில் 1845-இல் காப்புரிமை பெற்ற திருகு குழாயின் ஏற்பாடுதான் இன்றும் பெரிதும் மாறாமல் அடுப்பங்கரையில் இருக்கிறது. ரப்பர் தேய்ந்த பிறகு இறுக்கினால் விளிம்பு ரப்பருக்குள் இன்னும் ஆழமாக வெட்டும். நாளைக்கு இதைவிட அதிகமாக ஒழுகும்.

சொட்டுக்கு என்ன பெரிய கணக்கு என்று கேட்பவர்களுக்கு: இருபது சொட்டு சேர்ந்தால் ஏறக்குறைய ஒரு டீஸ்பூன், 5 மில்லி. நொடிக்கு ஒரு சொட்டு விழுந்தால் நாளுக்கு 86,400 சொட்டு, அதாவது 21.6 லிட்டர். கடையிலிருந்து வரும் தண்ணீர் கேன் ஒன்று நிரம்பி வழியும்.

வாஷர் மாற்ற பிளம்பரே வேண்டும் என்பதும் நம்பிக்கைதான். மொட்டைமாடியில் தொட்டியின் கேட் வால்வை மூடத் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. மூன்று போர்ஷனுக்கு ஒரே தொட்டி என்றால் முதலில் எல்லோரிடமும் சொல்லிவிட வேண்டும். கீழ் வீட்டில் தலை நிறையச் சீயக்காயோடு ஒருவர் நிற்கக்கூடும். பைப்பில் மிஞ்சிய தண்ணீரை வடியவிட்டு, சிங்க் ஓட்டையில் ஒரு கந்தல் துணியைத் திணிக்க வேண்டும். கைப்பிடியின் ஸ்க்ரூ எப்போதும் அந்த ஓட்டையைத்தான் தேடிப் போகும். கைப்பிடியைக் கழற்றினால் ஆறு பட்டை நட்டு தெரியும். ஸ்பானரால் அதைத் திருப்பினால் ஸ்பிண்டில் கையோடு வரும். அதன் அடியில் சின்ன நாணயம் அளவுக்கு ஒரு ரப்பர் வட்டம் இருக்கும். தேய்ந்த வாஷரில் வளையம் போல ஒரு பள்ளம் பதிந்திருக்கும், குற்றவாளி அதுதான். புது வாஷர் போடுவதற்கு முன் குழாய்க்குள் விரலை விட்டு அந்தப் பித்தளை விளிம்பைத் தடவிப் பார்க்க வேண்டும். வழவழப்பாக இருந்தால் சரி. நகத்தில் குழி தட்டினால் புது வாஷரும் சீக்கிரம் போய்விடும். அப்போது குழாயையே மாற்றுவதுதான் சிக்கனம்.

கால் திருப்பில் திறக்கும் புது வகைக் குழாயில் ரப்பர் வாஷரைத் தேடி ஏமாற வேண்டாம். அதில் ஒன்றன் மேல் ஒன்று உராயும் இரண்டு செராமிக் தட்டுகள் வேலை பார்க்கின்றன. ஒரு மணல் துகள் கீறினால் போதும், கசிவு தொடங்கும். உள் ஸ்பிண்டிலை முழுதாகத்தான் மாற்ற வேண்டும். கடைக்குப் போகும்போது பழையதைக் கையில் எடுத்துக்கொண்டு போவது அவசியம். கம்பெனிக்குக் கம்பெனி தலையில் இருக்கும் பற்களின் எண்ணிக்கை மாறும், மாடல் பெயரை மட்டும் சொன்னால் பொருந்தாததைத் தருவார்கள்.

“கடலூர்த் தண்ணியே உப்பு, எந்தக் குழாய் போட்டாலும் போயிடும்.” இதில் பாதி உண்மை. கடலூர் மணற்பாறை என்று புவியியலாளர்கள் பெயரிட்ட பாறை அடுக்குகளில் ஏராளமான நிலத்தடி நீர் இருக்கிறது. அந்த நீரை இறைத்துக்கொண்டே இருந்தால்தான் நெய்வேலியில் பழுப்பு நிலக்கரி வெட்ட முடியும். கடலோரத்து ஆழமில்லாத போரில் ஏறும் தண்ணீரின் கதை வேறு. இந்தியத் தர நிர்ணயப்படி (ஐ.எஸ். 10500) குடிநீரின் கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது. வேறு வழியில்லாவிட்டால் 600 வரை போகலாம். கடினத்தன்மை கூடிய தண்ணீர்தான் குழாய் மூக்கில் வெள்ளையாகப் பூக்கிறது. தண்ணீர் நூலாக வந்தால் உடனே தொட்டியையும் மோட்டாரையும் குறை சொல்வார்கள். மூக்கின் நுனியில் இருக்கும் சல்லடை வலையைத் திருகி எடுத்து வினிகரிலோ எலுமிச்சைச் சாற்றிலோ ஒரு ராத்திரி ஊறவைத்தாலே பல வீடுகளில் குழாய் பழையபடி கொட்டும்.

உப்பு கூடிய தண்ணீர் பித்தளையை வேறு விதமாகத் தின்கிறது. செம்பும் துத்தநாகமும் சேர்ந்ததுதான் பித்தளை. குளோரைடு நிறைந்த நீர் துத்தநாகத்தை மட்டும் கரைத்துக்கொண்டு போக, செம்பு நிறத்தில் பஞ்சு போன்ற உலோகம் மிஞ்சுகிறது. கழற்றிய குழாயின் மரை மஞ்சளாக இல்லாமல் இளஞ்சிவப்பாக இருந்தால் நோய் அதுதான். ‘ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் என்றால் துருவே பிடிக்காது’ என்பதும் கடற்கரை ஊரில் எடுபடாது. சாதாரண 304 வகையிலும் உப்பு புள்ளி புள்ளியாகக் குழி போடும். ‘பிளாஸ்டிக்கா, ச்சே’ என்று ஒதுக்கப்படும் பி.டி.எம்.டி. குழாயை இந்த உப்பு ஒன்றும் செய்யாது. பார்வைக்கு ஏழைதான், ஆனால் தேவனாம்பட்டினம் பக்கத்து வாடகை வீட்டுக்கு அது மோசமான தேர்வு இல்லை.

கடைசியாகப் பெரிய ஆபத்து ஒன்று. புதுக் குழாயைப் பைப் ரெஞ்ச் போட்டு முழுப் பலத்தோடு முறுக்குவதை வீரமாக நினைப்பவர்கள் உண்டு. சுவருக்குள் இருப்பது சி.பி.வி.சி. எல்போ என்றால் அது விண்டுவிடும். டைல்ஸை உடைக்க வேண்டிவரும். குடியிருப்பவர் உடைத்ததால் வந்த பழுது என்பதால் எல்லைக்கோடும் சுவருக்குள் நகர்ந்து, செலவு அவர் தலையில் விழும். அரை இஞ்ச் மரையில் வெள்ளை டெஃப்லான் டேப்பைக் கடிகார முள் சுற்றும் திசையில், மரை முனை தன்னைப் பார்க்கும்படி பிடித்துக்கொண்டு சுற்ற வேண்டும். திசை மாறினால் முறுக்கும்போதே டேப் உரிந்து வரும். குழாய் மூக்கு நேராகக் கீழே பார்க்காமல் நின்றால் பின்னோக்கித் திருப்பக் கூடாது, கசியும். கழற்றி, இன்னும் இரண்டு சுற்று டேப் கூட்டிப் பொருத்துவதுதான் வழி.

நல்ல நிலையில் இருந்த குழாயை எடுத்துவிட்டு அழகுக்காகப் புதிது மாட்டியவர்கள், பழையதைப் பரணில் பத்திரப்படுத்த வேண்டும். வந்தபோது இருந்த நிலையில் வீட்டை விட்டுப் போவதாக இருந்தால், தான் மாட்டியதைக் கழற்றிக்கொள்ள 1882 சட்டமே இடம் தருகிறது. நிஜமாகவே செத்துப்போன குழாயை ஓனரிடம் ஒரு தடவை காட்டிவிட்டுப் பழைய இரும்புக் கடைக்கு அனுப்பலாம். அங்கே பித்தளை எடைக்குப் போகும். அந்தக் காசு யாருக்குச் சேர வேண்டும் என்பது மட்டும் இரண்டாம் அட்டவணையில் இல்லை.