வீட்டுக் கலன்களும் நம் சுவையுணர்வும்

சுவை என்னும் சொல்லை நாம் பெரும்பாலும் நாவோடு சார்த்தியே வழங்குகின்றோம். உண்ணும் பொருளுக்குச் சுவை உண்டென்பதை எல்லாரும் அறிவர். அதனை ஏந்தி நிற்கும் கலத்திற்கும் ஒரு சுவை உண்டென்பதை எண்ணுவார் சிலரே. நல்ல கலன்களையும் வீட்டுப் பொருள்களையும் தேடிச் சேர்க்கும் விருப்பம் ஒருவர்பால் எங்ஙனம் தோன்றி எங்ஙனம் வளர்கின்றது என்பதைப் பற்றிச் சில கூறப் புகுகின்றோம். மாணவர்க்குரிய பாடமாகவே இதனை எழுதுகின்றோம். ஆயினும் இப்பாடத்தை முதலிற் கற்றவர் நாமே. அதுவும் பொருளிழந்து கற்றோம்.

கோவில்பட்டிக்குக் கிழக்கே, விளாத்திகுளத்தை அடுத்த புதூர் நம் ஊர். பருத்தியும் கம்பும் மிளகாயும் மல்லியும் விளையும் கரிசல் நிலம். அங்கே ஒரு வீட்டின் செல்வத்தை நகையினும் பாத்திரத்தினாலேயே அளந்த காலம் ஒன்றிருந்தது. பெண்ணுக்குச் சீராக வந்த அண்டா, குத்துப்போணி, தாம்பாளம், சருவம், செம்பு ஆகியவை புழங்குவன போக எஞ்சியவை பரணில் அடுக்கப்பட்டிருக்கும். விசேட நாளில் அவற்றை இறக்கிப் புளியிட்டுத் துலக்கி முற்றத்திற் கவிழ்த்து வைத்தால் வீடே பொன்னிறமாய்த் தோன்றும்.

நாம் கல்லூரி மாணவராயிருந்த நாட்களில் ஒரு விடுமுறைக்கு ஊர் சென்றிருந்தபோது, பழைய பித்தளைக்குப் புதிய எவர்சில்வர் தருவதாகக் கூவிக்கொண்டு வியாபாரி ஒருவர் தெருவில் வந்தார். விடுதியில் எவர்சில்வர்த் தட்டில் உண்டு பழகிய நமக்கு, பரணிற் கிடந்த கறுத்த பாத்திரங்கள் பட்டிக்காட்டின் அடையாளமாகப் பட்டன. படித்தவன் சொல்லுக்கு வீட்டில் மறுப்பிருக்கவில்லை. இரண்டு தாம்பாளங்களும், ஒரு சருவமும், செம்புகள் சிலவும், ஒரு வெண்கலக் கும்பாவும் தராசில் ஏறின. அவற்றுக்கு ஈடாக ஆறு தட்டுகளும் ஓர் அடுக்குத் தூக்கும் வந்தன. நாம் பெருமிதத்தோடு அவற்றை அடுக்கிக்கொண்டிருக்க, திண்ணையிலிருந்த ஆச்சி ஒன்றே ஒன்று கேட்டார்: “அந்தக் கும்பாவில எங்க ஐயா பேரு வெட்டியிருந்துச்சே, வாசிச்சுப் பாத்தியாய்யா?”

நாம் வாசித்துப் பார்க்கவில்லை. அக்கேள்வியின் பொருள் நமக்கு விளங்குதற்குப் பல ஆண்டுகள் ஆயின.

நாம் எடைக்குப் போட்டது இன்னதென்பதை முதலில் அறிதல் வேண்டும். பித்தளை செம்பும் துத்தநாகமும் கலந்தது. வெண்கலம் செம்பும் வெள்ளீயமும் கலந்தது. கண்ணுக்கு இரண்டும் ஏறக்குறைய ஒன்றுபோல் தோன்றுமேனும் காது அவற்றை எளிதிற் பிரித்துவிடும். வெண்கலக் கலத்தை விரல் நுனியில் ஏந்தி விளிம்பிற் சுண்டினால் மணியோசை எழுந்து நெடிது நின்று தேயும். பித்தளையின் ஓசை விரைந்து அவிந்துவிடும். மணி வார்ப்பதும் இவ்வுலோகத்தால் என்பதை இவ்விடத்து நினைவு கூர்க. ஆனால் வெண்கலம் கைதவறிக் கல்லில் விழுந்தாற் கீறிவிடும். பித்தளையோ நசுங்குமேயன்றி உடையாது. ஆதலால் குழந்தைகள் கையிற் செம்பைக் கொடுத்தவர் கும்பாவைக் கொடுத்ததில்லை.

பித்தளையிற் புளிச்சாறும் மோரும் நின்றால் களிம்பேறும். அதனால் உள்ளே ஈயம் பூசுதல் இன்றியமையாததாயிற்று. ஈயம் பூசுபவர் வேப்பமரத்தடியில் குழி தோண்டித் துருத்தி வைத்துக் கரியை மூட்டுவார். பாத்திரம் பழுத்தவுடன் நவச்சாரத்தைத் தூவ, வெண்புகை குபீரென்று எழும். ஈயக் கோலை ஒருமுறை தொட்டுப் பஞ்சினால் ஒரு சுற்றுச் சுற்றினால் கறுத்திருந்த உட்புறம் நிலவுபோல் வெளுத்துவிடும். அப்புகையின் காரநெடி மூக்கிலேறப் பெற்றவர் இக்கட்டுரையைப் படிக்கும் பழைய மாணவருள்ளும் பலர் இருப்பர். அவர் ஊருக்கு வருவது நின்றதும் பித்தளையின் வாழ்வும் அடுக்களையில் முடிந்தது.

கும்பாவின் நிலை வேறு. கரிசல் வெயிலில் உழுது திரும்பியவர்க்கு மண்பானையிற் குளிர்ந்திருந்த கம்பங்கூழை மோர்விட்டுக் கரைத்து அதில் ஊற்றுவர். அகன்ற வாய், ஆழ்ந்த வயிறு, சிறிய அடி. இரு கைகளாலும் ஏந்தி உதட்டில் வைத்துச் சாய்த்தால் ஒரு துளியும் சிந்தாதபடி அதன் விளிம்பு சற்றே வெளிநோக்கி வளைந்திருக்கும். தட்டில் கூழை ஊற்றிக் குடித்துப் பார்த்த பின்னரே இவ்வளைவின் நுட்பம் நமக்குத் தெரிந்தது. புதிதாய் வந்த ஆறு தட்டுகளில் நாம் முதலில் இழந்தது கூழ் குடிக்கும் வசதியையே எனலாம்.

இத்தகைய கலன்களை விரும்புதல் அண்மைக்காலத்து ஆடம்பரம் என்று எண்ணுவார் உளராயின், அவர் நம் மாவட்டத்து ஆதிச்சநல்லூரை நோக்குவாராக. தாமிரபரணியின் தென்கரையிலுள்ள அம்மேட்டில் 1876-ஆம் ஆண்டு பெர்லினைச் சேர்ந்த ஜாகோர் என்பவர் முதலில் அகழ்ந்தார். பின்னர் அலெக்சாண்டர் ரீ 1899 முதல் 1905 வரை விரிவாக அகழ்ந்து, தாழிகளோடு புதைந்திருந்த பண்டங்களை வெளிக்கொணர்ந்தார். அவற்றுள் வெண்கலக் கிண்ணங்களும், சாடிகளும், துளையிட்ட வடிகலங்களும் இருந்தன. சில மூடிகளின் குமிழில் எருமையும் பறவையும் நிற்கின்றன. மூடியைத் தூக்குவதற்கு ஒரு குமிழ் போதும்; அதில் எருமையை வார்க்க வேண்டிய தேவை யாது? தேவைக்கு மேற்பட்ட அந்த ஒரு பிடி உழைப்பையே நாம் இங்குச் சுவை என்கின்றோம். அங்குக் கிடைத்த மெல்லிய கலங்களை ஆராய்ந்தோர், அவற்றில் நூற்றுக்கு இருபத்துமூன்று முதல் இருபத்தைந்து பங்கு வரை வெள்ளீயம் கலந்திருத்தலையும், அவை செவ்வெப்பத்தில் அடித்து நீட்டப்பெற்று நீரில் அமிழ்த்தப்பெற்றவை என்பதையும் கண்டனர். இவ்வளவு வெள்ளீயம் சேர்ந்த வெண்கலம் சிறிது பிழைத்தாலும் நொறுங்கும். அதனை முட்டையோட்டினும் சிறிதே தடித்த கிண்ணமாக்கிய கைகள் நம் ஆற்றங்கரையில் இருந்தன.

ஆச்சியின் கேள்விக்கும் அகழாய்வே விடை தந்தது. 2015-ஆம் ஆண்டு தொடங்கிய கீழடி அகழாய்விற் கிடைத்த பானையோடுகளில் ‘ஆதன்’, ‘குவிரன் ஆதன்’ என்றாற் போன்ற பெயர்கள் தமிழிப் பிராமி எழுத்திற் கீறப்பட்டிருக்கின்றன. புதுச்சேரியை அடுத்த அரிக்கமேட்டில் 1945-ஆம் ஆண்டு மார்ட்டிமர் வீலர் அகழ்ந்தபோது, இத்தாலியின் அரெட்டியம் என்னும் ஊரிலிருந்து கடல் கடந்து வந்த செந்நிற மெருகுடைய உண்கலத் துண்டுகள் கிடைத்தன. அவற்றுட் சிலவற்றின் அடியில் வனைந்தோரின் பெயர் முத்திரை இருந்தது. அங்கே செய்தவன் பெயரைப் பொறித்தான். கீழடியிற் பெயரைக் கீறியவர் பெரும்பாலும் உடையவரே ஆகலாம். நம் ஆச்சியின் தந்தை கும்பாவைப் பாத்திரக் கடைக்காரரிடம் கொடுத்து, உளியாற் புள்ளி புள்ளியாகத் தம் பெயரை வெட்டுவித்ததும் இவ்வழக்கின் தொடர்ச்சியே. சீர்ப்பாத்திரங்களிற் கொடுத்தவர் பெயரும், திருமண நாளும், சிலபோது ஊர்ப்பெயரும் வெட்டப்பட்டிருக்கும். பத்திரமும் கல்வெட்டும் இல்லாத எளிய குடும்பத்திற்கு அதுவே குலவரலாறு. அதை நாம் எடைக்கு நிறுத்தோம்.

இனி, நம் சுவை எங்ஙனம் திரிந்து திரிந்து வளர்ந்தது என்பதைச் சொல்லுவோம். எவர்சில்வர் மோகம் தணிந்ததும் பீங்கான் மோகம் பற்றிற்று. சம்பளம் வாங்கத் தொடங்கிய காலத்து, பொன்விளிம்பிட்ட தேநீர்க் கோப்பைத் தொகுதி ஒன்றை வாங்கிக் கண்ணாடி அலமாரியில் வைத்தோம். விருந்தினர் வந்தால் அதனைக் காட்டினோம். தேநீரை எவர்சில்வர்த் தம்ளரிலேயே கொடுத்தோம். உடைந்துவிடுமென்ற அச்சத்தால் எடுக்கப்படாத கோப்பை கோப்பையாகாது என்னும் எண்ணம் அப்பொழுது தோன்றவில்லை.

எனினும் அம்மோகம் வீண்போகவில்லை. பீங்கானைப் பற்றிப் படிக்கத் தூண்டிற்று. கயோலின் என்னும் வெண்களிமண், சீனத்து ஜிங்டெஜென் நகரை அடுத்த ஒரு குன்றின் பெயராற் பெயர் பெற்றது என்றும், ஏறக்குறைய 1300 பாகை வெப்பத்தில் அது இறுகிக் கண்ணாடிபோல் ஒளி புகவிடும் தன்மை அடைகின்றதென்றும் அறிந்தோம். அதன் மருமத்தை ஐரோப்பியர் நெடுங்காலம் அறியாதிருந்தனர். சாக்சனி நாட்டு மைசன் நகரில் 1710-ஆம் ஆண்டிலேதான் அங்கே முதற் பீங்கான் சாலை எழுந்தது. அதன்பின் பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் ஆங்கிலக் குயவர் எலும்புச் சாம்பலைக் கலந்து மேலும் வெளுப்பான பீங்கானைச் செய்தனர். நல்ல பீங்கானை வெளிச்சத்திற்கு நேரே பிடித்துப் பின்புறம் விரலை வைத்தால் விரலின் நிழல் தெரியும். நாம் பொன்விளிம்பைக் கண்டு மயங்கி வாங்கிய தொகுதியை அவ்வாறு பிடித்துப் பார்த்தோம். சுவரைப் பிடித்துப் பார்த்தது போலிருந்தது!

இராமநாதபுரக் கடற்கரையிலுள்ள பெரியபட்டினத்தில் 13, 14-ஆம் நூற்றாண்டுகளைச் சேர்ந்த சீனப் பீங்கான் ஓடுகள் மிகுதியாகக் கிடைத்திருக்கின்றன. ஆகவே அயல்நாட்டுக் கலத்தை விரும்புதலும் நமக்குப் புதிதன்று. செட்டிநாட்டு வீடுகளை நோக்குக. பர்மாவிலும் இலங்கையிலும் மலேயாவிலும் வணிகம் செய்த நகரத்தார், பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலும் இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியிலும் பர்மாத் தேக்கும், ஐரோப்பியக் கண்ணாடி விளக்குகளும், வண்ண எனாமல் தூக்குகளும் தட்டுகளும் கொண்டுவந்து நிரப்பினர். ஆனால் அவ்வீட்டு அறைகளில் எனாமலின் பக்கத்திலேயே வெண்கல உருளியும் மரவையும் கல்சட்டியும் இருந்தன. ஒன்றை ஏற்றற்கு மற்றொன்றைத் தள்ளவேண்டுமென்று அவர்கள் கருதவில்லை. நாம் தவறியது இவ்விடத்திலே.

பழைய உலோகத்தைத் தள்ளும் வேலையைத் தொடங்கியது எவர்சில்வரும் அன்று. பித்தளையின் விலை எளியோர்க்கு எட்டாதிருந்ததைக் கண்ட ஆல்பிரெட் சாட்டர்டன், 1898-ஆம் ஆண்டு சென்னைக் கலைத்தொழிற் பள்ளியில் அலுமினியப் பாத்திரம் செய்வித்தார். அம்முயற்சி பின்னர்த் தனி நிறுவனத் தொழிலாயிற்று. எவர்சில்வர் என நாம் வழங்கும் துருவேறா உருக்கு 1913-ஆம் ஆண்டு ஷெபீல்டு நகரத்து ஹாரி பிரியர்லியின் ஆராய்ச்சியால் உருப்பெற்றது. ஈயம் வேண்டா, களிம்பில்லை, சாம்பலிட்டுத் தேய்த்தால் போதும். தண்ணீர் அரிதான கரிசற் காட்டில், நாடோறும் புளியிட்டுத் துலக்கிய பெண்டிரின் கைகளுக்கு அது தந்த ஓய்வைக் குறைத்துப் பேசுதல் நன்றியின்மையாகும். பித்தளையைப் புகழ்ந்து எழுதும் ஆடவர் பலர் அதனை ஒருநாளும் துலக்கியறியார். நம்மையும் அவர்களோடு சேர்த்தே சொல்லுகின்றோம்.

இப்பொழுது நாம் துலக்குகின்றோம். ஆதலின் சேர்ப்பதும் குறைந்தது. முன்னர் எண்ணிக்கையைப் பார்த்தோம். பின்னர் விலையைப் பார்த்தோம். அதன்பின் பழமையைப் பார்த்தோம். இப்பொழுது கையில் எடுத்து, இது எதற்காக இவ்வடிவிற் செய்யப்பட்டது என்று கேட்கின்றோம். கூஜாவின் கழுத்து ஏன் குறுகியது? செம்பின் இடை ஏன் ஒடுங்கியது? நனைந்த கை வழுக்காமற் பற்றுதற்கென்று கிணற்றடியில் ஒருமுறை நீர் மொண்டாலே விடை கிடைக்கும். விடை சொல்ல இயலாத அழகுப் பொருளை நாம் வாங்குவதில்லை. இத்துறையிற் புகும் மாணவர் பணம் செலவிடுமுன் தம் வீட்டுப் பரணில் ஏறுவாராக; கீழே நிற்கும் பாட்டியிடம் ஒவ்வொன்றின் பெயரையும் கேட்டு எழுதிக்கொள்வாராக. இடைசெவலைச் சேர்ந்த கி. ராஜநாராயணன் 1982-ஆம் ஆண்டு கரிசல் வட்டாரச் சொற்களுக்கு அகராதி வெளியிட்டார். பாத்திரம் போனால் அதன் பெயரும் போய்விடும் என்பதை அத்தகைய நூல்களைப் புரட்டும்போது உணரலாம். அகமதாபாத்தில் சுரேந்திர பட்டேல் என்பார் உருக்கப்படவிருந்த பழங்கலன்களைத் திரட்டி 1981-ஆம் ஆண்டு ஒரு காட்சிச்சாலையே அமைத்தார். சேர்த்தல் என்பது அவ்வளவு பெரிதாகவும் வளரக்கூடும்.

மற்றொன்று. பழங்கலத்தை அமிலமிட்டுப் பளபளக்கச் செய்து விற்பாரிடம் எச்சரிக்கையாயிருத்தல் வேண்டும். நூறாண்டு கைபட்டுத் தேய்ந்த எழுத்து அவ்வமிலத்தில் முற்றும் மறைந்துவிடும்.

சில ஆண்டுகளுக்குமுன் காரைக்குடி முனீசுவரன் கோவில் தெருவிற்குச் சென்றிருந்தோம். பழைய வீட்டுப் பொருள்கள் விற்கும் கடைகள் மிகுந்த தெரு அது. ஒரு கடையின் மூலையில் கும்பாக்கள் ஒன்றனுள் ஒன்றாக அடுக்கப்பட்டிருந்தன. ஒவ்வொன்றாய் எடுத்து வெளிச்சத்திற்குத் திருப்பினோம். பொருளின் விலையைக் கேளாமல் எழுத்தைத் தேடும் நம்மைக் கடைக்காரர் ஐயத்தோடு நோக்கினார். ஆச்சியின் தந்தை பெயர் எதிலும் இல்லை. இருக்குமென்று எதிர்பார்த்ததும் பேதைமையே. அது எப்பொழுதோ உருகி வேறொன்றாகியிருக்கும். ஏழாவது கும்பாவைச் சுண்டியபோது ஓசை நெடிது நின்றது. விளிம்பின்கீழ் ஒரு பெண்ணின் பெயர் புள்ளி வைத்து வெட்டப்பட்டிருந்தது. ஊர்ப்பெயர் பாதி தேய்ந்துவிட்டது.

அதனை வாங்கிப் புதூருக்குக் கொண்டுவந்தோம். கோடை பிறந்தவுடன் கம்பங்கூழ் அதிலேதான். நம் வீட்டுச் சிறுமி குடித்து முடித்ததும் அதனைத் தலைக்குமேல் தூக்கி, அப்பெயரை எழுத்துக்கூட்டி வாசிக்கின்றாள். இந்த ஆச்சி நமக்கு என்ன உறவு என்று கேட்கின்றாள்.