மூவாயிரம் கட்டினால் வருஷம் முழுக்க டோல் கிடையாதா?

பள்ளி விடுமுறை நெருங்கினாலே இந்தப் பேச்சு கிளம்பிவிடுகிறது. பிள்ளைகளை வி.ஜி.பி.க்கோ எம்.ஜி.எம்.முக்கோ அழைத்துப் போகக் காரைத் துடைத்து வைப்பவர்கள், பக்கத்து வீட்டுக்காரருக்கும் சேர்த்து யோசனை சொல்கிறார்கள்: "மூவாயிரம் கட்டி ஃபாஸ்டேக் வருஷ பாஸ் போட்டுட்டேன் சார். இனிமே ஒரு வருஷத்துக்கு டோலே கிடையாது." கடலூரில் வரிக் கணக்கு பார்க்கும் என் மேசைக்கு எதிரே உட்காருகிறவர்களிடம் இதைக் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது. சொல்பவர்களில் ஆசிரியர்கள் இருக்கிறார்கள், வங்கியில் வேலை பார்ப்பவர்கள் இருக்கிறார்கள். எண்ணோடு பழகியவர்களே இப்படிப் பேசினால் மற்றவர்களை என்ன சொல்வது?

அந்த பாஸ் 2025 ஆகஸ்ட் 15 அன்று நடைமுறைக்கு வந்தது. 2025-26ஆம் ஆண்டுக்கு அதன் விலை 3,000 ரூபாய். அதற்குக் கிடைப்பது ஓராண்டு அல்லது 200 முறை, இரண்டில் எது முதலில் முடிகிறதோ அதுவரை. பாதி வாக்கியத்தைப் படித்துவிட்டு மீதியை விட்டுவிட்டார்கள். விளம்பரத்தில் 'ஆண்டு' என்ற சொல் பெரிதாக இருக்கிறது. கணக்கை முடித்துவைப்பது அந்த 200தான். நம் பக்கத்துச் சாலைகளில் ஒரு சாவடியை ஒருமுறை கடந்தால் ஒரு முறை. போய்த் திரும்பினால் இரண்டு. எத்தனை நாளில் 200 தீரும் என்று பார்க்க விரல்விட்டு எண்ணினாலே போதும்.

கொத்தட்டையை எடுத்துக்கொள்வோம். கடலூருக்கும் சிதம்பரத்துக்கும் நடுவே இருக்கும் அந்தச் சுங்கச்சாவடியில் 2024 டிசம்பரில் வசூல் தொடங்கியபோது தனியார் பேருந்துக்காரர்கள் போராட்டத்தில் இறங்கினார்கள். அந்தச் சத்தம் நினைவிருக்கும். சிதம்பரத்திலிருந்து கடலூருக்குத் தினமும் காரில் வேலைக்கு வரும் ஒருவருடைய ஃபாஸ்டேக் பட்டியலை அண்மையில் பார்த்தேன். காலை எட்டரை மணிவாக்கில் ஒரு வரி, மாலை ஆறுக்கு மேல் ஒரு வரி, ஞாயிற்றுக்கிழமை மட்டும் காலி. பக்கம் பக்கமாக அதே சாவடி, அதே இரண்டு வரி. மாதம் 25 வேலை நாள் என்றால் 50 முறை. நாலே மாதத்தில் 200 தீர்ந்து, பாஸ் காலாவதி. பணம் பிடிக்கத் தொடங்கியதும் அவர் டேக் கெட்டுவிட்டது என்று வங்கிக்குப் போன் செய்துகொண்டிருந்தார். டேக் கெடவில்லை. 200 முடிந்ததும் அது சாதாரண ஃபாஸ்டேக்காக மாறிவிடும். வேண்டுமென்றால் மறுபடி பாஸ் வாங்கிக்கொள்ளலாம். அவருக்கு வருஷத்துக்கு 600 முறை, ஆக மூன்று பாஸ், 9,000 ரூபாய்.

இவர் வாங்க வேண்டிய பாஸே வேறு. 2008ஆம் ஆண்டு தேசிய நெடுஞ்சாலைக் கட்டண விதிகளிலேயே அது இருக்கிறது. சாவடியிலிருந்து 20 கிலோமீட்டருக்குள் குடியிருக்கும் சொந்தக் கார்க்காரருக்கு உள்ளூர் மாத பாஸ் உண்டு. 2007-08இல் 150 ரூபாய் என்று வைத்து, விலைவாசிக்கு ஏற்ப ஆண்டுதோறும் ஏற்றி வந்து, 2025-26இல் மாதம் 350 ரூபாய். அந்தச் சாவடியை எத்தனை முறை வேண்டுமானாலும் கடக்கலாம். பன்னிரண்டு மாதத்துக்கு 4,200. ஒன்பதாயிரம் எங்கே, நாலாயிரத்து இருநூறு எங்கே! ஆர்.சி. புத்தகமும் முகவரிச் சான்றும் எடுத்துக்கொண்டு சாவடி அலுவலகத்தில் கேட்க வேண்டும். சர்வீஸ் ரோடோ மாற்றுச் சாலையோ இருக்கும் இடத்தில் இந்தச் சலுகை கிடையாது என்று விதியில் ஒரு வரி உண்டு. கேட்கும்போது அதையும் தெளிவாகக் கேட்டுக்கொள்ளுங்கள். இதற்கு யாரும் விளம்பரம் போடுவதில்லை. அதனால்தான் நான் கத்துகிறேன்.

அதே சாலையில் எதிர்த்திசையில் போகிறவருக்குக் கணக்கு தலைகீழ். கடலூரில் வீடு, சிதம்பரத்தில் வேலை என்று அண்ணாமலைப் பல்கலைக்கழகத்துக்குக் காரில் போய்வருகிறவருக்குக் கொத்தட்டை 20 கிலோமீட்டருக்குள் வராது. உள்ளூர் பாஸ் கேட்க முடியாது. அவருக்கு இருக்கும் இன்னொரு வழி, ஒரு சாவடிக்கு மாதம் 50 முறை என்று கொடுக்கும் பாஸ். அதில் வழக்கமான ஒருவழிக் கட்டணத்தில் மூன்றில் இரண்டு பங்கு விழும். வருஷ பாஸில் 3,000த்தை 200ஆல் வகுத்தால் முறைக்கு 15 ரூபாய்தான். ஆகவே அவர் தாராளமாக வருஷ பாஸ் வாங்கலாம். ஆனால் வருஷத்துக்கு மூன்று முறை வாங்க வேண்டியிருக்கும் என்று தெரிந்து வாங்கட்டும்.

சரி, தினமும் போகாதவர்கள்? எப்போதாவது மெட்ராஸ் போகும் குடும்பங்கள்தான் இந்த வதந்தியில் அதிகம் ஏமாறுகின்றன. கடலூரிலிருந்து புதுச்சேரி, திண்டிவனம் வழியாகப் போனால் மொரட்டாண்டி, ஆத்தூர், பரனூர் என்று மூன்று சாவடி. ஒன்றுக்குச் சராசரி 75 ரூபாய் என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்ளுங்கள். 24 மணி நேரத்துக்குள் திரும்பினால் போக வர இரண்டுக்கும் சேர்த்து ஒன்றரை மடங்குதான் கட்டணம். இதைப் பலரும் மறந்தேபோகிறார்கள். அந்தக் கணக்கில் ஒரு நாள் போய்வர ஏறக்குறைய 338 ரூபாய். போட்ட 3,000 திரும்பி வர ஒன்பதாவது தடவை மெட்ராஸ் போயாக வேண்டும். பொங்கலுக்கு ஒரு முறை, கோடையில் ஒரு முறை, கல்யாணம் காட்சி என்று இன்னும் இரண்டு முறை போகும் வீட்டுக்கு இது வீண் செலவு. ஊகமே வேண்டாம். கடந்த பன்னிரண்டு மாத ஃபாஸ்டேக் பட்டியலை வங்கியின் செயலியில் இறக்கி, தேசிய நெடுஞ்சாலைச் சாவடிகளில் போனதை மட்டும் கூட்டுங்கள். மூவாயிரத்துக்குக் கீழே இருந்தால் பாஸ் பேச்சை விட்டுவிடுங்கள்.

'தேசிய நெடுஞ்சாலை மட்டும்' என்று அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. வருஷ பாஸ் மாநிலச் சாலைகளில் செல்லாது. கிழக்குக் கடற்கரைச் சாலையில் உத்தண்டிச் சாவடி தமிழ்நாடு சாலை மேம்பாட்டு நிறுவனத்தின் கையில் இருக்கிறது. வண்டலூர்-மீஞ்சூர் வெளிவட்டச் சாலையும் மாநிலத்துடையதுதான். அதாவது, ஈ.சி.ஆர். வழியாக முட்டுக்காட்டில் எம்.ஜி.எம்.மோடு திரும்பிவிட்டால் உத்தண்டி வராது, ஈஞ்சம்பாக்கம் வி.ஜி.பி.க்குப் போனால் உத்தண்டியைத் தாண்டித்தான் ஆக வேண்டும், அங்கே உங்கள் டேக்கில் இருக்கும் பணம்தான் போகும். 'பாஸ்தான் இருக்கே' என்று டேக்கில் பணம் போடாமல் கிளம்புகிறவர், பின்னால் வண்டிகள் ஹாரன் அடிக்க, பிள்ளைகளோடு பூம் தடுப்புக்கு முன்னால் நிற்பார். பாஸுக்குக் கட்டும் 3,000 தனி, டேக் இருப்பு தனி. ஒன்றிலிருந்து ஒன்றுக்குப் போகாது.

பொழுதுபோக்குப் பூங்காக்களின் வருஷ பாஸ் கதையும் இதேதான். கலிபோர்னியாவின் டிஸ்னிலேண்ட் தன் பழைய வருஷ பாஸை 2021 ஜனவரியில் நிறுத்திவிட்டு, அதே ஆண்டு ஆகஸ்டில் புதுப் பெயரில் கொண்டுவந்தது. முன்பதிவு செய்துகொண்டுதான் வர வேண்டும், விலை குறைந்த பாஸ்களுக்குச் சில நாள்களில் அனுமதி கிடையாது என்று நிபந்தனைகள். விடுமுறைக்கு மட்டும் போகக்கூடிய குடும்பத்துக்குக் குறைந்த விலை பாஸ் உதவாது. அங்கே நாளில் கட்டுப்பாடு, இங்கே எண்ணிக்கையில். எந்த பாஸானாலும் விலையைப் பார்ப்பதற்கு முன் அதை எங்கே இறுக்கிக் கட்டியிருக்கிறார்கள் என்று பாருங்கள்.

எப்போது வாங்குவது? ஆடித் தள்ளுபடி, தீபாவளிச் சலுகை எதுவும் இதற்குக் கிடையாது. நல்ல நாள் பார்த்து வாங்கி வீட்டில் வைத்திருந்தால் ஓராண்டு அன்றிலிருந்தே ஓடத் தொடங்கிவிடும். பணம் கட்டி, பெரும்பாலும் இரண்டு மணி நேரத்துக்குள் பாஸ் நடைமுறைக்கு வந்துவிடுகிறது. நீண்ட பயணத்துக்கு முதல் நாள் வாங்கினால் போதும். விலை ஏப்ரல் 1 முதல் மாற்றப்படக்கூடியது என்பதால், மார்ச் கடைசியில் பயணம் இருப்பவர் தள்ளிப்போட வேண்டாம்.

மற்ற வதந்திகளுக்கு அதிகம் செலவழிக்க மனமில்லை. புது ஸ்டிக்கர் ஒட்ட வேண்டுமா? வேண்டாம், இருக்கும் டேக்கே போதும், வண்டி எண்ணோடு பதிவாகிக் கண்ணாடியில் ஒட்டியிருக்க வேண்டும். தம்பி காருக்கு மாற்றலாமா? முடியாது. வாடகைக் காருக்கு உண்டா? இல்லை. மிச்சமுள்ள முறைகளுக்குப் பணம் திரும்ப வருமா? வராது. பைக்குக்கும் டோல் வரப்போகிறது என்று 2025 ஜூனில் ஒரு புரளி ஓடியது. அமைச்சர் நிதின் கட்கரியே மறுத்துவிட்டார். 'ஏஜென்ட் மூலம் குறைந்த விலைக்கு' என்று வாட்ஸ்அப்பில் வரும் லிங்கைத் தொடவே தொடாதீர்கள். ராஜ்மார்க்யாத்ரா செயலி, தேசிய நெடுஞ்சாலை ஆணையத்தின் இணையதளம், இரண்டைத் தவிர வேறெங்கும் பணம் கட்டாதீர்கள்.

கடைசியாக, நான் எப்போதும் சொல்வதை இங்கேயும் சொல்லிவிடுகிறேன். ஒற்றை ஆளாகத் தினமும் காரில் கடலூருக்கும் சிதம்பரத்துக்கும் அலைகிறவர்களே, ஆலப்பாக்கம், புதுச்சத்திரம், பரங்கிப்பேட்டை, கிள்ளை வழியாக 2010லிருந்து அகல ரயில்பாதை ஓடுகிறது. மாதச் சீசன் டிக்கெட்டின் விலை சுமார் 15 ஒருவழிப் பயணத்துக்கான கட்டணம்தான். 2014 ஜூனில் அதை 30 பயணக் கணக்குக்கு ஏற்றப் பார்த்து, எதிர்ப்பு கிளம்பியதும் சில நாளிலேயே பின்வாங்கினார்கள். 2025 ஜூலையிலும் டிசம்பரிலும் ரயில் கட்டணம் உயர்ந்தபோதுகூடச் சீசனைத் தொடவில்லை. அலுவலக நேரத்துக்கு இன்னொரு பாசஞ்சர் வேண்டும் என்பது நியாயமான கோரிக்கை, நானும் கேட்டுக்கொண்டேதான் இருக்கிறேன். ஆனால் சீசன் வாங்குகிறவர் கூட்டம் கண்ணில் பட்டால்தான் அந்தக் கோரிக்கைக்கு வலு. அங்கேயும் 'மொத்தமா வருஷத்துக்கு எடுத்தா லாபம்' என்று ஒரு நம்பிக்கை உண்டு. மூன்று மாதச் சீசன் மாதச் சீசனைப் போல 2.7 மடங்கு, வருஷச் சீசன் 10.8 மடங்கு. நாலு தடவை மூன்று மாதம் எடுத்தாலும் அதே 10.8தான். ஒரு பைசா கூடுதல் தள்ளுபடி இல்லாமல் ஒன்பது மாதப் பணத்தை முன்கூட்டியே ஏன் முடக்க வேண்டும்? நடுவில் இடமாற்றம் வந்தால் சீசனுக்குப் பணமும் திரும்பாது. திருப்பாதிரிப்புலியூர் கவுண்டரில் மூன்று மாதம் என்று கேட்டு வாங்குங்கள்.