மயிலை மாட வீதி அங்காடி

வீடுகள் நெருங்கி நின்றால் மட்டும் ஊர் ஆகிவிடாது. பலரும் கூடி, கொடுத்து வாங்கி, சேதி பேசிப் பிரிவதற்கு ஒரு பொது வெளி வேண்டும். நம் கிராமங்களில் அதனைச் சந்தைத் திடல் என்கிறோம். ஜெர்மனி தேசத்தின் பழைய நகரங்களில் ஊர் நடுவே சந்தைச் சதுக்கம் இருக்கும். நூரெம்பர்க் நகரத்துச் சதுக்கத்தில் ஒரு பக்கம் மாதா கோயில், ஒரு மூலையில் 14-ஆம் நூற்றாண்டில் எழுப்பிய நீரூற்று, இடையே காய்கனிக் கடைகள். 1349-இல் அங்கு வாழ்ந்த யூதர்களின் குடியிருப்பை அழித்தே அந்தச் சதுக்கம் உண்டாக்கப்பட்டது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். கோயில், நீர், அங்காடி ஆகிய மூன்றும் ஓரிடத்தில் கூடியிருப்பதைக் காண நாம் அவ்வளவு தொலைவு போக வேண்டுவதில்லை. சென்னை மயிலாப்பூருக்குப் போனால் போதும்.

மயிலாப்பூர் சென்னைப் பட்டினத்தைக் காட்டிலும் மிகப் பழைய ஊர். ஆங்கிலேயர் சென்னையில் கால் ஊன்றியது 1639-இல். மயிலையோ அதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பே துறைமுகமாகப் பேர் பெற்றிருந்தது. போர்த்துக்கீசியர் 16-ஆம் நூற்றாண்டில் சாந்தோமில் குடியேறிய பின்னர், கடலோரத்தில் இருந்த பழைய கோயில் அழிந்தது என்றும், இன்றுள்ள கபாலீசுவரர் கோயில் பின்னர் உட்புறம் தள்ளிக் கட்டப்பெற்றது என்றும் வரலாற்றாசிரியர் பலர் கருதுவர். கோயிலுக்கு மேற்கே திருக்குளம். கோயிலையும் குளத்தையும் சூழ்ந்து ஓடுவன மாட வீதிகள். தேர் ஓடுவதற்கென்று அகலமாக அமைத்த அவ்வீதிகளே நாளடைவில் அங்காடியும் ஆயின. கடை போடுவதற்கென்று யாரும் திட்டமிட்டு அமைத்த இடமன்று இது.

விடியற்காலையில் தெற்கு மாட வீதியில் சற்று நேரம் நின்று பார்த்தால் இதன் இயல்பு விளங்கும். கோணிப்பையை விரித்து, தண்ணீர் தெளித்த கீரைக் கட்டுகளை அடுக்கி, அதன் பின்னால் ஓர் அம்மாள் அமர்ந்திருப்பார். பக்கத்தில் வாழைப்பூ, வாழைத்தண்டு, நுனியிலை. விலை கேட்போர் பெயர் சொல்லி அழைக்கின்றனர். “நாளைக்குத் துவாதசி, அகத்திக் கீரை எடுத்து வையம்மா” என்று ஒரு பாட்டி சொல்லிவிட்டுப் போகிறார். கடன் கணக்கு ஏட்டில் இல்லை; விற்பவர் நினைவில் இருக்கிறது.

இந்த அங்காடிக்குப் பஞ்சாங்கமே எசமானன். மாசி, பங்குனியில் மாவடு வரும். ஆவணியில் களிமண் பிள்ளையாரும் எருக்கம்பூ மாலையும் வரும். நவராத்திரிக்கு முன்னர், காஞ்சிபுரத்திலும் பண்ணுருட்டியிலும் செய்த கொலு பொம்மைகள் வடக்கு மாட வீதியில் வரிசையாக நிற்கும். கார்த்திகைக்கு அகல் விளக்கு. தைக்குக் கரும்பும் மஞ்சள் கொத்தும். பங்குனிப் பெருவிழாவின் எட்டாம் நாள் அறுபத்து மூவர் வீதியுலா. அன்று இவ்வீதிகளில் கால் வைக்க இடம் இராது. தேர் வரும்போது கடை ஒதுங்கும். தேர் போன பிறகு கடை திரும்பும். ஒரே நிலத்தைத் தெய்வத்துக்கும் வியாபாரத்துக்கும் வேளை பிரித்துக் கொடுக்கும் இந்த ஏற்பாட்டை எந்தச் சட்டமும் எழுதவில்லை.

பழைய நாளில் வீசைக்கும் பலத்துக்கும் காய் நிறுத்தனர். ஒரு வீசைக்கு நாற்பது பலம். இன்றைய கணக்கில் ஏறத்தாழ 1,400 கிராம். 1956-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி தசாம்ச முறை வந்து, 1960-களின் தொடக்கத்தில் கிலோகிராம் கட்டாயமாயிற்று. ஆனால் ‘கூறு’ மட்டும் மாறவில்லை. நாலு கத்தரிக்காய், இரண்டு முருங்கைக்காய், ஒரு துண்டு பூசணி என்று கையால் குவித்து வைக்கும் கூறு, தராசு இல்லாத ஏழை வியாபாரிக்கும் சிறு குடும்பத்துக்கும் இன்றளவும் பொருந்துகிறது.

இனி, கிராமத்தாருக்கு இதில் என்ன பங்கு என்பதைக் காண்போம். சென்னைக்கு வரும் காய்கறி முன்னர்க் கொத்தவால் சாவடியில் இறங்கிற்று. 1996 முதல் மொத்த வியாபாரம் கோயம்பேட்டுக்கு மாறியது. தக்காளியும் வெங்காயமும் அங்கே லாரி லாரியாக விலை போகும். ஆனால் வேலியில் படர்ந்த பிரண்டையை யார் லாரியில் ஏற்றுவார்? புதரில் பறித்த களாக்காய், வரப்போரத்து மணத்தக்காளி, கொல்லைப்புறத்து நாலு சீப்பு மொந்தன், ஒரு கூடை சுண்டைக்காய் ஆகியவற்றுக்கு மொத்தச் சந்தையில் மதிப்பு மிகக் குறைவு. இவற்றை அறிந்து கேட்டு வாங்குவோர் இருப்பது மாட வீதி போன்ற இடங்களில்தான். ஆகவே அங்கே கோணிப்பை விரித்து அமர்ந்திருக்கும் அம்மாள், சிறு விவசாயியின் கடைசிப் பண்டத்துக்கும் வாயிற்படி ஆகிறார். 1999-இல் தமிழக அரசு தொடங்கிய உழவர் சந்தைகளின் நோக்கம், விளைவிப்போரும் வாங்குவோரும் இடைத்தரகர் இன்றிச் சந்திக்க வேண்டும் என்பது. மாட வீதியில் நடுவே ஒருவர் இருக்கிறார். எனினும் அவரும் அன்றாடம் காய்ச்சியே.

அந்த வாயிற்படி நிலைக்குமா என்பதே இப்போதைய கேள்வி. மோட்டார் வண்டிகள் பெருகின. நடப்போர்க்கு வழி இல்லை என்னும் முறையீடும் நியாயமே. தியாகராய நகரில் இக்கேள்விக்கு ஒரு விடை கண்டனர். நீதிக் கட்சித் தலைவர் சௌந்தரபாண்டியனார் பெயரால் வழங்கும் பாண்டி பஜாரில் நடைபாதை வியாபாரிகள் நெருங்கி இருந்தனர். 2013-இல் அவர்களை அருகிலேயே பல மாடிக் கட்டடத்துக்கு மாற்றினர். 2019-இல் அச்சாலை நடப்போர்க்குரிய அகன்ற வளாகமாகத் திறக்கப்பெற்றது. குழந்தைகளும் முதியோரும் அச்சமின்றி நடக்கின்றனர், அது நன்மையே. ஆயினும் போகிற போக்கில் வாங்கப்படும் பண்டத்தை மாடியில் வைத்தால், அதற்கென்று படி ஏறி வருவோர் எத்தனை பேர்? கூரை கிடைத்த வியாபாரிக்கு வாடிக்கை கிடைக்கவில்லை என்ற குறை எழுந்தது. வெயிலிலிருந்து காப்பாற்றியதாக நினைத்து, செடியை இருட்டறையில் வைத்தது போலாகும் இது.

2014-ஆம் ஆண்டின் தெரு வியாபாரிகள் சட்டம் இதனை ஓரளவு உணர்ந்திருக்கிறது. நகர விற்பனைக் குழுவில் பத்தில் நாலு பங்குக்குக் குறையாமல் தெரு வியாபாரிகளே உறுப்பினராக இருக்க வேண்டும். அவர்களுள் மூன்றில் ஒரு பங்கு பெண்கள். விற்போரும் வாங்குவோரும் மரபாகக் கூடும் இடத்தை அச்சட்டம் இயற்கைச் சந்தை என்கிறது. ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் அவ்வாறு நடந்துவரும் சந்தையைப் பாரம்பரியச் சந்தையாக அறிவிக்க வேண்டும், அங்குள்ள வியாபாரிகளை இடம் பெயர்க்கக் கூடாது என்றும் விதித்திருக்கிறது. மாட வீதியின் வயது ஐம்பதைப் பல முறை கடந்தது என்பதை நிறுவுவது கடினமன்று. ஆனால் கோணிப்பைக்குப் பட்டா கிடையாது. இத்தனை ஆண்டுகள் இங்கே அமர்ந்தேன் என்பதற்கு அந்த அம்மாளிடம் காகிதமும் இராது. கணக்கெடுப்பு நடக்கும் நாளில் அவர் இடத்தில் இருந்து பெயரைப் பதிவு செய்து, விற்பனைச் சான்றிதழ் பெற்றுக்கொள்வதே அவருடைய முதல் பாதுகாப்பு.

கிராமங்களிலும் நிலைமை இதுவே. வாரச் சந்தை கூடும் திடல் பல இடங்களில் புறம்போக்கு என்ற பெயரில் கிடக்கிறது. ஆறு நாள் வெறுமையாக இருப்பதால், கட்டடம் கட்ட ஏற்ற இடம் என்று எவருக்கேனும் தோன்றிவிடுகிறது. கிராம சபை கூடும்போது, திடலின் சர்வே எண்ணையும் எல்லையையும் கேட்டு, தீர்மானப் புத்தகத்தில் எழுதி வைப்பது நலம். தண்ணீர்க் குழாய் ஒன்று, நிழலுக்கு நாலு புங்க மரங்கள், பெண்களுக்குக் கழிப்பிடம் ஆகிய இவையே அங்கு முதலில் வேண்டுவன. மயிலையில் கீரை விற்கும் அம்மாளைக் கேட்டாலும், கூரைக்கு முன்னர் அவர் கேட்பது கடைசியாகச் சொன்னதைத்தான்.