மூக்கருகே வந்த பந்து

கண்ணு, கோலின் நுனியில் பந்தைச் செருகி, குதிரை அதை மூக்கால் தொடப் பழக்கப்போகிறேன் என்றாய். கோலை எடுக்குமுன் இதையெல்லாம் கேட்டுக்கொள்.

1. தொடவில்லையென்றால் குதிரையைக் குறை சொல்லாதே. பக்கவாட்டில் அமைந்த அதன் கண்களுக்குச் சுற்றிலும் கிட்டத்தட்ட 350 டிகிரி தெரியும். ஆனால் நெற்றிக்கு நேர் முன்னாலும் மூக்குக்கு அடியிலும் தெரியாது. கிட்டத்துப் பொருளுக்கு ஏற்பக் கண்ணைக் கூர்மையாக்கிக்கொள்ளும் திறனும் அதற்குக் குறைவு. வெள்ளெழுத்து வந்தவர் செய்தித்தாளைத் தள்ளிப் பிடிப்பார். குதிரைக்குக் கையில்லை, தலையைத்தான் பின்னுக்கு இழுக்கும். தெரியாததைப் பணியாததென்று எண்ணிவிடாதே.

2. பந்தை எங்கே பிடிப்பதென்பதை ஒரு லாயத்துப் பெரியவரிடம் கண்டேன். பழக வந்த பையன் செம்பழுப்புப் பெண்குதிரையின் தாடைக்கடியில் பந்தை நீட்ட, அது வெடுக்கென்று தலையைத் தூக்கியது. "முரடு" என்றான். பெரியவர் ஒன்றும் பேசாமல் கோலை வாங்கினார். ஒரு கை தூரத்தில், நடுவிலிருந்து சற்று விலக்கி, கண்மட்டத்துக்குக் கீழே, அசையாமல் பிடித்தார். குதிரை கழுத்தைத் தாழ்த்தித் தலையைச் சாய்த்தது. மேலுதடு மெல்ல நீண்டது. வாயோரத்து மீசை ரோமங்கள் பந்தை வருடின. அதன் பிறகே மூக்கு பட்டது. கடைசி நாலு விரற்கடையை அந்த ரோமங்கள்தான் அதற்குக் காட்டிக்கொடுக்கின்றன.

3. அந்த ரோமங்களை அழகுக்காகக் கத்தரிக்காதே, யார் சொன்னாலும் சரி. சர்வதேசக் குதிரையேற்றக் கூட்டமைப்பு, ரோமம் மழித்த குதிரைகளைத் தன் போட்டிகளில் 2021 ஜூலை முதல் அனுமதிப்பதில்லை.

4. பந்து நீலமோ மஞ்சளோ வெள்ளையோ ஆகட்டும். புல்தரையில் சிவப்பு உனக்குத்தான் பளிச்சிடும். குதிரைக்குச் சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிவது கடினம்.

5. அது உதட்டால் தேடிக்கொண்டிருக்கும்போது, உதவுகிறேன் என்று பந்தை நீயே மூக்கில் இடிக்காதே. கைகள் துறுதுறுக்கும்; அடக்கிக்கொள். அதுவாக வந்து தொடும் கணத்தில், ‘கிளிக்’ என்று ஒலிக்கும் சிறு கருவியான கிளிக்கரை அழுத்து, உடனே கேரட்டைக் கொடு. முதல் நாள் பந்தின் பக்கம் திரும்பிப் பார்த்தாலே கூலி கொடுக்கலாம். தானாக வந்து தொட்ட குதிரை மறுநாள் உன்னைத் தேடி வரும். இடிபட்ட குதிரை கோலைக் கண்டாலே ஒதுங்கும்.

6. உன் மனத்தைச் சுத்தமாக வைத்துக்கொள். பந்து மங்கலாகத் தெரிந்தாலும் உன் தோளின் இறுக்கம் அதற்கு நன்றாகவே தெரியும். பெர்லினில் கணக்குப் போடும் குதிரையென்று பேர்பெற்ற ஹான்ஸ், கேள்வி கேட்டவரின் தலை இம்மியளவு அசைவதைப் பார்த்துத்தான் குளம்பு தட்டுவதை நிறுத்தியது. 1907இல் உளவியலாளர் ஆஸ்கர் ஃபுங்ஸ்ட் இதை விளக்கி எழுதினார். எரிச்சலோடு வந்த நாளில் பயிற்சி வேண்டாம். கோலைச் சுவரில் சாய்த்துவிட்டு, தண்ணீர் காட்டி, உடம்பைத் தேய்த்துவிட்டு வா.