கரும்புக்குள் நாணல்

ஆற்றங்கரையிலும் ஏரிக்கரையிலும் வெண்ணிறக் கதிர்களோடு அசைந்து நிற்கும் நாணலை உழவர் பயிராக மதிப்பதில்லை. பேய்க்கரும்பு என்றும் அதற்கு ஒரு பெயர் உண்டு. தண்டு மெலிது, சாறு குறைவு, இனிப்பு அதனினும் குறைவு. ஆயினும், இன்று வயல்களில் விளையும் கரும்பின் செல்களில் இந்தப் புல்லின் குரோமோசோம்களும் உள்ளன. அவை அங்கு வந்துசேர்ந்த வரலாற்றின் பெரும்பகுதி கோயம்புத்தூரில் நிகழ்ந்தது.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வட இந்தியாவில் பயிரிடப்பட்ட கரும்புகள் மெலிந்தவை, விளைச்சல் குறைந்தவை. நாட்டின் தேவைக்குச் சாவகத்திலிருந்து சர்க்கரை இறக்குமதியானது. வெப்பநாடுகளில் விளையும் பருத்த இனிப்புக் கரும்போ வடக்கின் குளிரையும் வறட்சியையும் தாங்கவில்லை. இரண்டின் நலன்களும் ஒருங்கே அமைந்த புதிய வகை வேண்டுமெனில் கரும்பு பூத்து விதை தரவேண்டும். வடக்கில் அது பூப்பதே அரிது. கோயம்புத்தூரிலோ நன்கு பூத்து விதை கட்டியது. எனவே 1912ஆம் ஆண்டு அங்குக் கரும்பு இனப்பெருக்க நிலையம் தொடங்கப்பட்டது. அதன் முதல் தலைவர் பார்பர். அவருடன் பணியாற்றியவர் தி. சு. வெங்கட்ராமன். ‘வெள்ளை’ எனும் பருத்த கரும்பை அவ்வூர் நாணலோடு கலந்து அவர்கள் உருவாக்கிய ‘கோ 205’, 1918இல் வெளியிடப்பட்டது. களையெனக் கருதப்பட்ட ஒன்றைப் பயிருக்குத் தந்தையாக்கத் துணிந்தது சிறிய செயலன்று.

இக்கலப்பில் ஒரு விந்தை உண்டு. பருத்த கரும்பின் செல்லில் 80 குரோமோசோம்கள். கோயம்புத்தூர் நாணலில் 64. இனச்செல் உருவாகும்போது குன்றல் பகுப்பால் எண்ணிக்கை பாதியாகும். அவ்வாறாயின் 40ம் 32ம் சேர்ந்து, சேயில் 72 இருக்கவேண்டும். ஆனால் 112 இருந்தன. நாணல் தன் பாதியையே தந்தது. தாய்க் கரும்போ தன் 80ஐயும் குறைக்காமல் கொடுத்துவிட்டது. இதனால் இனிப்புக்குரிய தாயின் மரபுச்செல்வம் முழுமையாகச் சேயை அடைந்தது. நாணலின் தாங்குதிறனும் உடன் வந்தது.

இத்தகைய கணக்குகளுக்கு அடிப்படை, குரோமோசோம்களைப் பிழையின்றி எண்ணுதல். வளரும் வேர்நுனியைப் பக்குவப்படுத்திச் சாயமேற்றி, பிரியும் நிலையிலுள்ள செல்லை நுண்ணோக்கியில் தேடவேண்டும். நூற்றுக்கும் மேற்பட்ட நுண்ணிய கோல்கள் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடக்கையில் அவற்றை எண்ணுவது கண்ணுக்கும் பொறுமைக்கும் ஒருசேர வரும் சோதனை. 1934இல் கோயம்புத்தூர் நிலையத்தில் சேர்ந்த ஜானகி அம்மாள் இப்பணியில் தேர்ந்தவர். நாணலின் குரோமோசோம் எண்ணிக்கை இடத்துக்கு இடம் மாறுபடுவது அவர் ஆராய்ந்த பொருள்களுள் ஒன்று. அப்புல்லில் 40 முதல் 128 வரை எண்ணிக்கை காணப்படுகிறது. கரும்பையும் மக்காச்சோளத்தையும்கூட அவர் கலந்து பார்த்தார். பின்னர் இங்கிலாந்து சென்று, டார்லிங்டனுடன் இணைந்து பயிர்த்தாவரங்களின் குரோமோசோம் எண்களைத் தொகுத்து 1945இல் நூலாக வெளியிட்டார்.

ஓர் இனத்துக்குள்ளேயே எண்ணிக்கை இவ்வளவு மாறுபடுவது எவ்வாறு? விலங்குகளில் குரோமோசோம் தொகுதி பெருகினால் பெரும்பாலும் கேடு விளையும். தாவரங்கள் அதைத் தாங்கிக்கொள்கின்றன. சிலவேளை அதனால் செழிக்கவும் செய்கின்றன. இருதொகுதிக்கு மேற்பட்ட இந்நிலை பன்மடியம் எனப்படும். ஒரு மரபணுவுக்கு இரண்டு படிகள் கிடைத்தால், ஒன்று பழைய வேலையைச் செய்ய, மற்றது மாறிப் புதிய வேலையை ஏற்கலாம். ரொட்டிக் கோதுமையின் 42 குரோமோசோம்கள் மூன்று புல்லினங்களிலிருந்து வந்த ஆறு தொகுதிகள். கரும்பில் இப்பெருக்கம் இன்னும் மிகுதி: 80 என்பது பத்துப் பத்தாக எட்டுத் தொகுதிகள், நாணலின் 64 என்பது எட்டு எட்டாக எட்டுத் தொகுதிகள்.

தொகுதிக்குப் பத்து என்பது ஒன்றில் எட்டானது ஏன்? கரும்பின் நெருங்கிய உறவான சோளத்திலும் தொகுதிக்குப் பத்தே. நாணலின் முன்னோரில் இரு குரோமோசோம்கள் துண்டுபட்டு, அத்துண்டுகள் பிறவற்றோடு இணைந்துவிட்டன. மரபணுக்கள் பெரும்பாலும் அழியவில்லை, இருப்பிடம் மாறின. மக்காச்சோளத்தின் கதையும் இதைப் போன்றதே. சோளத்திலிருந்து பிரிந்தபின் அதன் மரபணுத்தொகையம் முழுவதும் இரட்டித்தது. பின்னர்க் குரோமோசோம்கள் பல இணைந்து, எண்ணிக்கை மீண்டும் சோளத்துக்குரிய 20 ஆயிற்று. எண் ஒன்றாயிருப்பதைக் கொண்டு வரலாறும் ஒன்று என எண்ணிவிடக்கூடாது. இவற்றுக்கெல்லாம் முன்னரே, நெல்லும் சோளமும் கோதுமையும் தனித்தனியே பிரியாத காலத்தில், அவற்றின் பொது முன்னோரிடம் ஒருமுறை இரட்டிப்பு நிகழ்ந்துள்ளது. அது ஏறத்தாழ 7 கோடி ஆண்டுகளுக்கு முற்பட்டது. 24 குரோமோசோம்களே உடைய நெல்லிலும் அதன் தடங்கள் காணப்படுகின்றன.

நெல்லின் மரபணுத்தொகைய வரிசை 2005இலும் சோளத்தினுடையது 2009இலும் வெளியாயின. பயிரிடப்படும் கலப்புக் கரும்பொன்றின் முழுமையான வரைபடம் 2024இல்தான் வந்தது. ஏறக்குறைய ஒன்றுபோலவே அமைந்த பல படிகளைப் பிரித்தறிவது அத்துணைக் கடினமாயிருந்தது.

இன்றைய கரும்புவகைகளில் பொதுவாக 100 முதல் 130 வரை குரோமோசோம்கள் உள்ளன. அவற்றுள் பத்தில் ஒன்று முதல் இரண்டு பங்கு வரை நாணல் வழி வந்தவை. இவ்வளவு ஒழுங்கற்ற எண்ணிக்கையுடைய செடி, விதையால் பெருகும்போது தாயின் பண்பை அப்படியே சேய்க்குத் தருவதில்லை. ஒவ்வொரு நாற்றும் ஒவ்வொரு விதமாயிருக்கும். புதிய வகை தேடும் ஆய்வாளருக்கு அவ்வேறுபாடே மூலப்பொருள். உழவருக்கோ அச்சிக்கல் இல்லை. அவர் நடுவது விதையன்று, கரணை. கணுவிலிருந்து முளைக்கும் பயிரில் குன்றல் பகுப்புக்கு இடமில்லையாதலால், தாய்க் கரும்பின் குரோமோசோம்கள் எத்தனையோ அத்தனையும் அடுத்த பயிருக்குச் செல்கின்றன.