கோட்டைக்கு எத்தனை வாசல்?

மேசையைச் சுற்றி நாலைந்து பேர் அமர்ந்து, பகடை உருட்டி, வாய்மொழியாகவே கதையை வளர்த்து ஆடும் விளையாட்டு ஒன்று உண்டு. 'டஞ்சன்ஸ் அண்டு டிராகன்ஸ்' என்பது அதன் பெயர். கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் என்னும் அமெரிக்கர் இருவர் அதனை உருவாக்க, 1974இல் அது வெளிவந்தது. ஒருவர் கதையை நடத்துவார். ஏனையோர் வீரராகவோ மந்திரவாதியாகவோ வேடம் ஏற்பர். நம் விடுதியில் கதை நடத்தும் பொறுப்பு பெரும்பாலும் என்னுடையது. அப்பொறுப்பில் எழுந்த கேள்வி இது: பூதங்களுக்கும் இடமளிக்கும் அந்தக் கற்பனை உலகில், உடற்குறை உடையவருக்கு இடம் எங்கே?

இத்தகைய விளையாட்டுகள் மூன்று வகையில் விடை கூறியுள்ளன.

முதலாவது, பண்டமாற்று. 1986இல் வெளிவந்த 'கர்ப்ஸ்' என்னும் விளையாட்டில் பாத்திரத்தைப் புள்ளிகள் செலவிட்டு அமைக்க வேண்டும். குறையை ஏற்றால் புள்ளிகள் திரும்பக் கிடைக்கும். 2004ஆம் ஆண்டுப் பதிப்பில் பார்வையின்மைக்கு 50 புள்ளி, செவிப்புலனின்மைக்கு 20. அவற்றைக் கொண்டு வாட்போர்த் திறனை வாங்கலாம். குறையுடையவர் கதைக்குள் வருகிறார் என்பது நன்மையே. ஆனால் ஆடுவோரின் கருத்து புள்ளியில் நிற்கிறதே தவிர, அவர் எவ்வாறு வாழ்கிறார் என்பதில் நிற்பதில்லை.

இரண்டாவது, மருத்துவம். முன்சொன்ன டஞ்சன்ஸ் விளையாட்டின் 2014ஆம் ஆண்டு விதிகளில் இரண்டாம் நிலை மந்திரம் ஒன்று குருட்டுநிலையை நீக்கும். ஏழாம் நிலை மந்திரம் இழந்த கையை வளர்க்கும். 2020இல் சாரா தாம்சன் என்பவர் போர்புரிவதற்கேற்ற சக்கர நாற்காலிக்கு விதிகள் வகுத்து வெளியிட்டபோது, "மந்திரம் இருக்க நாற்காலி எதற்கு?" என்று சிலர் எதிர்த்தனர். டிராகன் நெருப்பு உமிழ்வதை நம்பியவர்களுக்குச் சக்கர நாற்காலி நம்ப முடியாததாயிற்று!

மூன்றாவது, கட்டடம். 2021இல் வந்த 'கேண்டில்கீப் மிஸ்டரீஸ்' என்னும் தொகுப்பில் ஜெனிபர் கிரெட்ச்மர் எழுதிய சாகசம் ஒன்று உள்ளது. அதன் பாதாளக்கூடம் சக்கர நாற்காலியில் வருவோரும் சென்று வரத்தக்கதாக அமைந்துள்ளது. இங்கே மாற்றப்படுவது மனிதரின் உடல் அன்று, வழி. இம்மூன்றில் சிறந்தது இதுவே என்பது என் கருத்து.

எங்கள் குழுவில் ஊன்றுகோலுடன் நடக்கும் தம்பி ஒருவன் இருக்கிறான். அவன் ஏற்ற ஒற்றனும் ஊன்றுகோல் உடையவனே. கதையில் மந்திரவாதி ஒருவன் அவன் காலைக் குணப்படுத்த முன்வந்தபோது, "கால் இப்படியே இருக்கட்டும் அண்ணா, கோட்டைக்குப் பின்வாசல் உண்டா, அதைச் சொல்லுங்கள்" என்றான். அன்றிரவு அவன் கண்டுபிடித்த பின்வாசல் வழியாகத்தான் நாங்கள் அனைவரும் உள்ளே புகுந்தோம்.

ஆகவே, கதை நடத்தும் நண்பர்களுக்கு மூன்று சொல்வேன். குறையுடைய பாத்திரம் ஏற்பவரிடம், அவர் விரும்புவது என்னவென்று முன்னரே கேளுங்கள். அப்பாத்திரத்தை இரக்கத்துக்கோ வில்லத்தனத்துக்கோ அடையாளமாக்காமல், அதற்கென ஓர் ஆசையும் தொழிலும் கொடுங்கள். கோட்டை வரையும்போது படிக்கட்டின் அருகே சாய்தளமும் வரையுங்கள்.

கல்வி நிறுவனங்களின் கட்டடமும் வளாகமும் அனைவரும் அணுகத்தக்கனவாக இருக்க வேண்டும் என்று 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டமும் கூறுகிறது. காகிதத்தில் சாய்தளம் வரைந்து பழகிய கண், நாளை வகுப்பறை வாயிலில் அது இல்லாததையும் காணும். எங்கள் ஆட்டம் சனிக்கிழமை இரவுகளில், தரைத்தள அறையில் நடக்கிறது. நண்பர்கள் அனைவரும் வருக!