நெஞ்சு படபடக்கிறது, இதயத்தில் குறையில்லை!

– பத்தாம் வகுப்பு ‘ஆ’ பிரிவு மாணவி

“திக் திக்கென்று அடிக்கிறது”, “நெஞ்சு தூக்கித் தூக்கிப் போடுகிறது”, “உள்ளே புறா சிறகடிப்பது போல் இருக்கிறது” என்றெல்லாம் நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம். இவை அனைத்தையும் ‘படபடப்பு’ என்ற ஒரு சொல்லில் அடக்கிவிடலாம். இரவும் பகலும் ஓயாது துடிக்கும் இதயத்தை நாம் சாதாரணமாக உணர்வதே இல்லை. அது வேகமாகத் துடித்தோ, ஓங்கித் துடித்தோ, தாளம் தப்பித் துடித்தோ நம் கவனத்தை ஈர்த்துவிட்டால் அதுவே படபடப்பு.

படபடப்புடன் மருத்துவமனைக்குச் செல்லும் பலருக்கு ஈ.சி.ஜி., எக்கோ முதலிய சோதனைகளில் குறை ஒன்றும் தென்படுவதில்லை. “ஒன்றுமில்லை, தைரியமாகப் போய் வாருங்கள்” என்கிறார்கள். வீட்டிலுள்ளோர்க்கு நிம்மதி. ஆனால் அன்றிரவே மறுபடியும் நெஞ்சு அடித்துக்கொள்கிறதே, அப்போது அவர் யாரிடம் சொல்வார்? சொன்னாலும், “டாக்டரே ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டாரே, இன்னும் என்ன?” என்ற பதில்தான் கிடைக்கும். தோழியரே, சோதனை சொன்னதும் பொய்யில்லை. அவர் உணர்வதும் பொய்யில்லை. இரண்டும் ஒருங்கே எப்படி மெய்யாக இருக்க முடியும் என்பதையே இங்கு எழுத விரும்புகிறேன்.

ஓய்வாக இருக்கும் மனிதரின் இதயம் நிமிடத்திற்கு 60 முதல் 100 முறை வரை துடிக்கலாம். 72 என்று வைத்துக் கணக்கிட்டால் ஒரு நாளைக்கு 1,03,680 துடிப்புகள். (என் பக்கத்தில் அமரும் தோழி இதைப் பெருக்கிச் சரிபார்த்தாள்.) இத்துடிப்பைத் தொடங்கி வைப்பது வலது ஆரிக்கிளின் மேற்பகுதியில் உள்ள சைனோ ஆரிக்குலார் கணு என்று நம் அறிவியல் பாடத்தில் படிக்கிறோம். 1907ஆம் ஆண்டு ஆர்தர் கீத், மார்ட்டின் பிளாக் என்னும் இருவர் அதைக் கண்டறிந்தனர். அக்கணு தானாகவே துடிப்பை எழுப்ப வல்லது. எனினும், பரிவு நரம்புகள் அதை விரைவுபடுத்துகின்றன. வேகஸ் நரம்பு அதை மட்டுப்படுத்துகிறது. இரத்தத்தில் கலந்து வரும் அட்ரினலின், தைராக்சின் போன்ற ஹார்மோன்களும் அதை விரட்டுகின்றன. வண்டிக் குதிரை தலைதெறிக்க ஓடுகிறது என்றால் குதிரைக்கு நோய் என்று பொருளா? சாட்டையைச் சொடுக்குவது யார் என்றும் பார்க்க வேண்டுமல்லவா?

இனி, சோதனைகளைப் பார்ப்போம். ஈ.சி.ஜி. கருவியை உருவாக்கிய டச்சு நாட்டு அறிஞர் வில்லெம் ஐந்தோவனுக்கு 1924இல் நோபல் பரிசு கிடைத்தது. இதயத்தில் ஓடும் மின்னோட்டத்தை அது கோடுகளாக வரைந்து காட்டுகிறது. ஆனால் வழக்கமாக எடுக்கப்படும் பதிவு ஏறக்குறைய 10 வினாடிகளுக்கு உரியதே. அதாவது, 1,03,680 துடிப்புகளில் 12 துடிப்புகள்! சிஸ்டர் ஜன்னல் வழியே எட்டிப் பார்க்கும் பத்து வினாடிகளில் எங்கள் வகுப்பும் மிக அமைதியாகத்தான் இருக்கும். எக்கோ என்பது ஒலியலைகளைச் செலுத்தி இதயத்தின் அறைகளையும் வால்வுகளையும் தசையின் வலிமையையும் காண்பது. இவ்விரண்டும் சரியாக இருந்தால், இதயத்தின் கட்டமைப்பு நன்றாக இருக்கிறது என்று பெரும்பாலும் நம்பலாம். அது பெரிய செய்தி, அலட்சியப்படுத்தத் தக்கதன்று. ஆயினும் அது “இதயம் பழுதா?” என்ற கேள்விக்குரிய விடை. “ஏன் படபடக்கிறது?” என்பது வேறு கேள்வி.

படபடப்பு வரும் நேரத்தையே பிடிக்க வேண்டுமானால் ஹோல்டர் கருவி உதவும். அமெரிக்காவின் மான்டானா மாநிலத்தைச் சேர்ந்த நார்மன் ஹோல்டர் முதலில் செய்த கருவியை முதுகில் சுமக்க வேண்டியிருந்தது. எடை ஏறத்தாழ 38 கிலோ! இன்று அது உள்ளங்கையில் அடங்கும். 24 மணி நேரமோ அதற்கு மேலுமோ அணிந்துகொண்டு வீட்டு வேலைகளைச் செய்யலாம்.

இப்படி நாள் முழுதும் பதிவு செய்தால், ஆரோக்கியமானவர்களிடமும் அடிக்கடி காணப்படுவது ‘முந்திய துடிப்பு’. சைனோ ஆரிக்குலார் கணுவின் ஆணைக்குக் காத்திராமல் இதயத்தின் வேறோர் இடம் முந்திக்கொண்டு துடித்துவிடுகிறது. அந்த நேரத்தில் இதய அறையில் இரத்தம் சரிவர நிரம்பியிராது. ஆதலால் அத்துடிப்பு மெலிதாகி, நம் உணர்வுக்கே எட்டாமல் போய்விடும். அடுத்துச் சிறிது நேரம் இடைவெளி. அதைத்தான் “நெஞ்சு ஒரு கணம் நின்றுவிட்டது” என்கிறோம். அந்த இடைவெளியில் அறை வழக்கத்தைவிட நன்றாக நிரம்பிவிடுகிறது. நிரம்ப நிரம்ப இதயத்தசை வலுவாகச் சுருங்கும் என்பது இயற்கை விதி. ஆகவே அடுத்த துடிப்பு ‘தொம்’ என்று ஓங்கி அடிக்கிறது. நம்மைத் தூக்கிப் போடுவது இதுதான். பயமுறுத்துகின்ற அந்த அடி, ஒழுங்கான துடிப்பு! முந்தி வந்ததோ ஓசையின்றிப் போய்விட்டது. இரவில் படுத்திருக்கும்போது, அதிலும் இடப்பக்கமாக ஒருக்களித்தால், இதயம் மார்புச் சுவரை ஒட்டி வருவதாலும் வீடு அடங்கியிருப்பதாலும் இது மிகுதியாகத் தெரியும்.

அடுத்து, இதயத்திற்கு வெளியே உள்ள காரணங்கள். நம் போன்ற பெண்களுக்கு இவற்றுள் முதன்மையானது இரத்தசோகை. பிராணவாயுவைச் சுமக்கும் ஹீமோகுளோபின் குறைந்தால், இருக்கும் இரத்தத்தையே விரைவாகச் சுற்றிவரச் செய்ய வேண்டிய கட்டாயம் இதயத்திற்கு. பெண்களுக்கு 100 மி.லி. இரத்தத்தில் 12 கிராமுக்குக் குறைந்தால் இரத்தசோகை எனப்படும். 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, இந்தியாவில் 15 முதல் 19 வயதுள்ள பெண்களில் 100க்கு 59 பேருக்கு அது இருந்தது. நம் வகுப்பில் பாதிக்கும் மேல் என்று எண்ணிப் பாருங்கள்!

என் பெரியம்மாவுக்கு இதுவே நேர்ந்தது. மாடிப்படி ஏறினால் நெஞ்சு அடித்துக்கொள்ளும். நின்று மூச்சு வாங்குவார்கள். ஒரு மருத்துவமனையில் ஈ.சி.ஜி.யும் எக்கோவும் எடுத்துவிட்டு, “கவலைப்படுவதை நிறுத்துங்கள்” என்று அனுப்பிவிட்டனர். அதன்பின் பெரியம்மா படபடப்பைப் பற்றிப் பேசுவதையே விட்டுவிட்டார்கள். வீட்டில் அனைவரும் குணமாகிவிட்டது என்றே நினைத்தோம். பல மாதங்கள் கழித்துக் காய்ச்சலுக்காகச் சென்ற வேறொரு மருத்துவர், கண்ணின் கீழிமையை இழுத்துப் பார்த்து, உடனே இரத்தப் பரிசோதனைக்கு எழுதிக் கொடுத்தார். ஹீமோகுளோபின் 7.6! மாதவிலக்கின்போது மிகுதியாக இரத்தம் போவதை அவர்கள் யாரிடமும் சொல்லியிருக்கவில்லை; யாரும் கேட்கவுமில்லை. அதற்குச் சிகிச்சையும் இரும்புச்சத்து மாத்திரையும் எடுத்த சில மாதங்களில் மாடிப்படி அவர்களுக்கு ஒரு பொருட்டாக இல்லாமல் போயிற்று. மாத்திரையைத் தேநீருடன் விழுங்கக் கூடாது என்று மருத்துவர் சொன்னார். தேநீர் இரும்புச்சத்தை உடலில் சேரவிடாது. எலுமிச்சைச் சாறோ சேர உதவும். வாரந்தோறும் பள்ளிகளில் தரப்படும் நீலநிற மாத்திரையை ஜன்னலுக்கு வெளியே எறியும் தோழியர் சிலரை நான் அறிவேன். அதில் 60 மில்லிகிராம் இரும்புச்சத்து உள்ளது.

தைராய்டு சுரப்பி மிகுதியாகச் சுரந்தாலும் படபடப்பு வரும். 1835இல் டப்ளின் நகர மருத்துவர் ராபர்ட் கிரேவ்ஸ், கடும் படபடப்பால் துன்புற்ற மூன்று பெண்களுக்குக் கழுத்தில் அச்சுரப்பி வீங்கியிருந்ததைக் கண்டு எழுதினார். இன்று ஓர் இரத்தப் பரிசோதனையால் இதை அறியலாம். உடல் இளைப்பு, கைநடுக்கம், வியர்வை ஆகியவை உடன் இருந்தால் கட்டாயம் பார்க்க வேண்டும். காய்ச்சலில் வெப்பம் ஒரு செல்சியஸ் டிகிரி கூடினால் துடிப்பு நிமிடத்திற்குச் சுமார் 10 கூடும். இவையன்றி, தேர்வுக்காகக் கண்விழித்துக் குடிக்கும் காப்பி, மூக்கடைப்புக்கான சில மாத்திரைகள், ஆஸ்துமாவுக்கு உறிஞ்சும் சில மருந்துகள், போதிய நீர் அருந்தாமை, காலை உணவின்றி இறைவணக்கக் கூட்டத்தில் வெயிலில் நிற்பது எனப் பட்டியல் நீளும்.

அச்சமும் ஒரு காரணமே. ஆனால் அச்சத்தால் வருவது ‘நடிப்பு’ என்று எண்ணுவது பெருந்தவறு. அமெரிக்க உள்நாட்டுப் போரில் (1861–1865) போராடிய வீரர்கள் பலர் படபடப்பு, நெஞ்சுவலி, மூச்சுத்திணறல் ஆகியவற்றோடு பிலடெல்பியா நகரின் மருத்துவமனைக்கு வந்தனர். டாக்டர் ஜேக்கப் டா கோஸ்டா அவர்களை ஆராய்ந்து 1871இல் வெளியிட்டார். அவர்களுள் பலருக்குக் காய்ச்சலும் வயிற்றுப்போக்கும் ஓயாத அணிவகுப்பும் முன்பே உடலை வாட்டியிருந்தன. முதல் உலகப் போரிலும் (1914–1918) இதே துன்பம் ஆயிரக்கணக்கான வீரர்களைப் பீடித்தது. இங்கிலாந்தில் சர் தாமஸ் லூயிஸ், இவர்களுக்கு இதய நோயில்லை என்று கண்டு, படுக்கையிலேயே கிடத்தாமல், சிறிது சிறிதாகக் கூட்டிய உடற்பயிற்சி அளித்தார். பீரங்கிக்கு எதிரே நின்றவர்களைக் கோழைகள் என்று யார் சொல்வார்?

அச்சம் எழுந்ததும் அட்ரினலின் சுரக்கிறது, இதயம் விரைகிறது. அதைக் கண்டு மேலும் அச்சம், மேலும் அட்ரினலின். மூச்சு வேகமாகி, கரியமிலவாயு அளவுக்கு மீறி வெளியேறுவதால் விரல்கள் மரத்து, தலை சுற்றுகிறது. நோயாளி சாகப்போகிறோமோ என்றே நினைப்பார். அவ்வேளையில், “ஒன்றுமில்லை” என்று அதட்டுவதைவிட, அருகில் அமர்ந்து, மூச்சை மெதுவாக இழுத்து அதைவிட மெதுவாக விடச் செய்வது பயன் தரும்.

சோதனை சரியாக இருந்தாலும் சில அடையாளங்கள் தோன்றினால் காலம் தாழ்த்தாமல் இதய மருத்துவரிடம் செல்ல வேண்டும். மயங்கி விழுதல், ஓடும்போதோ விளையாடும்போதோ படபடப்பு வருதல், உடன் நெஞ்சுவலி அல்லது மூச்சுத்திணறல், குடும்பத்தில் இளவயதில் எவரேனும் திடீரென இறந்திருத்தல் ஆகியவை அவை. விசையைத் தட்டியது போலச் சட்டென்று தொடங்கி, மிக விரைவாகத் துடித்து, சட்டென்று நிற்கும் வகையும் உண்டு. அது இதய மின்னோட்டத்தின் கோளாறாக இருக்கலாம். இடைப்பட்ட நேரத்து ஈ.சி.ஜி.யில் தெரியாமலும் போகலாம். அதற்கு நல்ல சிகிச்சை இருக்கிறது.

மருத்துவரிடம் போகுமுன் ஒரு குறிப்பேட்டில் எழுதி வைப்பது நல்லது: எந்த நாள், எத்தனை மணிக்கு, எவ்வளவு நேரம், அப்போது என்ன செய்துகொண்டிருந்தோம், என்ன உண்டோம், மாதவிலக்கு நாளா, நாடித்துடிப்பு எத்தனை. மணிக்கட்டில் விரல் வைத்து 30 வினாடிகள் எண்ணி இரண்டால் பெருக்கினால் போதும். தாளம் எப்படி இருந்தது என்று வாயால் சொல்ல வரவில்லையா? மேசைமேல் விரலால் தட்டிக் காட்டலாம். ஒரே சீரான வேகமா, ஒன்று விட்டு ஒன்று அடிப்பதா, சிதறி அடிப்பதா என்பதை அந்தத் தட்டலிலிருந்தே மருத்துவர் ஓரளவு கண்டுகொள்வார்.